விரால் கூட்டத்து வெள்ளிக் குஞ்சுகள்

என் தம்பி பிறந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாமே ஷிப்ட் முறையில்தான் நடந்தது. சமையல் ஷிப்ட், துணி துவைக்க ஷிப்ட், ஏன், தம்பிக்குப் பால் கொடுப்பதுகூட ஷிப்ட்தான். காலை ஆறு மணி வேலைக்கு அம்மா கம்பெனி பஸ் ஏறிவிட்டால், அவள் திரும்பி வரும்வரை பின்னி அவனுக்குப் பால் கொடுப்பாள். மதிய ஷிப்டுக்குப் பின்னி கிளம்பிவிட்டால், அவள் பெண்ணுக்கு அம்மா கொடுப்பாள். அடுத்த வாரம் இது அப்படியே தலைகீழாகும். குழந்தைகள் இரண்டும் யார் மடி என்றெல்லாம் பார்க்கவில்லை, குடித்தன, தூங்கின. எந்த ஷிப்டிலும் இடமில்லாமல் திரிந்தது நான் ஒருத்திதான். பத்து வயது, மே மாத லீவு. என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது, இன்றைக்கும் முடியாது. "இவ காலுல சக்கரத்தக் கட்டி வுட்டுட்டான் ஆண்டவன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பின்னி என்றால் தெலுங்கில் சித்தி. அவள் எனக்குச் சொந்தச் சித்தி இல்லை. மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி, அவ்வளவுதான். ஓசூரில் யார் வாயில் எந்த மொழி வருகிறதோ அந்த மொழியிலேயே உறவு ஒட்டிக்கொள்ளும். பின்னியின் கணவர் லாரியில் போய்விட்டால் ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டி எங்கே நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது. என் அப்பா பகல் முழுக்க லேத் பட்டறையில். அம்மாவுக்கும் பின்னிக்கும் ஒரே கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் வேலை. ஒருத்தி எழுந்த ஸ்டூலில்தான் ஒரு மணி நேரம் கழித்து இன்னொருத்தி உட்கார வேண்டும். இரண்டு பேரும் காண்டிராக்ட் ஆள்கள். நான்கு நாள் வரவில்லை என்றால் அந்த ஸ்டூலில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஒருத்திக்கு வேலை இருந்தால்தான் இன்னொருத்திக்கும் வேலை.

அம்மா எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தாள். "தம்பிக்குப் பின்னி பால் குடுக்கறத நம்ம ஊர்ல யாருகிட்டயும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாத பாப்பா. கண்ணு பட்டுரும்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. இரண்டு அம்மாவிடம் பால் குடிக்கிற குழந்தையைப் பார்த்தால் யாருக்குத்தான் பொறாமை வராது?

லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு இருந்தது. வீட்டுக்காரர் ஒரு காலத்தில் அங்கே தக்காளியும் ராகியும் போட்டவர். நிலமெல்லாம் வரிசை வரிசையாக வாடகை வீடாக மாறிய பிறகு கிணற்றை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவைத்திருந்தார். ஒரு பக்கம் கரை சரிந்து சாய்வாகிவிட்டது. அங்கே முழங்கால் தண்ணீர், கோரை, பாசி. அதில்தான் ஒரு ஜோடி விரால் மீன்கள் இருந்தன. யாரோ குழம்புக்கு வாங்கி வந்து, சாகாமல் துள்ளியதால் மனமிரங்கி விட்டதாகச் சொல்வார்கள். அந்த இரண்டும் கோரையைக் கடித்து ஒதுக்கி, ஒரு தட்டு அகலத்துக்கு வட்டமாக இடம் செய்ததை நான் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாக முட்டை மிதந்ததையும் பார்த்தேன். பிறகு ஒருநாள் செக்கச் செவேலென்று குஞ்சுகள், ஆயிரம் இருக்கும், ஒரே கொத்தாக மேலே வந்து கொதித்துவிட்டு உள்ளே போயின. அடியில் இரண்டு கறுப்பு நிழல்கள் காவல்.

அந்தச் சிவப்புக் கொத்துக்குள் வேறு குஞ்சுகளும் இருந்தன. வெள்ளியாய், மெலிசாய், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றின. கெண்டைக் குஞ்சுகள். விரால் கூட்டைச் சுற்றியிருந்த பாசியிலேயே ஏதோ ஒரு கெண்டை முட்டையை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. கெண்டைக் குஞ்சு என்றால் விராலுக்கு லட்டு மாதிரி. ஆனால் அந்த விரால்கள் அவற்றைத் தொடவில்லை. ஒரு தவளை கிட்டே வந்தபோது தண்ணீர் தெறிக்கத் துரத்தின, அவ்வளவுதான்.

பெரியவளாகி நான்கு புத்தகம் படித்த பிறகு தெரிந்தது, உலகத்தில் பல ஆறுகளில் நடக்கிற சங்கதிதானாம் இது. ஒரு மீன் பாடுபட்டுச் செய்த கூட்டில் வேறு இனத்து மீன் முட்டையிடுமாம். காவல் காக்கிற மீன் இரண்டையும் சேர்த்தே காக்குமாம். காப்பதற்கும் அதில் லாபம் உண்டாம். கூட்டம் பெரிதானால் எதிரி வாயில் சிக்குவது தன் குஞ்சாக இருக்கும் வாய்ப்புக் குறைகிறதே. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அதிசயத்தை யாரிடமாவது காட்டியே ஆகவேண்டும் என்ற அரிப்பு மட்டும் இருந்தது. காட்ட ஆள்தான் இல்லை. அம்மா தூக்கக் கலக்கத்தில் இருப்பாள், அப்பாவுக்கு மீன் என்றால் தட்டில் இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னவர் வெள்ளிக்கிழமை காலையே வந்து நின்றார். தோளில் ராகி மூட்டை, கையில் மாங்காய்ப் பை. அப்பாவின் அண்ணன். ஊரில் நிலபுலத்தையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்கு அவர் சொல்தான் சட்டம். எனக்கோ அவர் என்றால் உயிர். சொடக்குப் போட்டபடியே கதை சொல்வார், வாயால் பஸ் ஹாரன் அடிப்பார், என்னைவிட வேகமாக நடப்பார். உட்காரத் தெரியாத இன்னொரு ஜீவன் எங்கள் குடும்பத்தில் அவர்தான்.

அம்மா காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். பின்னி எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகளையும் பாயில் போட்டுக்கொண்டு இருந்தாள். பெரியப்பாவைப் பார்த்ததும் சடக்கென்று எழுந்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் வந்தவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருப்பம்மா. நீங்கதான் பக்கத்து வூடா? எங்கூட்டுப் புள்ளைங்கள நீங்கதான் பாத்துக்கறதுன்னு எந்தம்பி சொல்லுச்சு."

"ஆமாங்கண்ணா. அக்கா என் புள்ளயப் பாப்பாங்க, நா அவங்க புள்ளயப் பாப்பன்."

பின்னி டீ போட்டுக் கொண்டுவந்தாள். பெரியப்பா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகவே கேட்டார்.

"எந்தூரும்மா நீங்க?"

"பர்கூர் பக்கங்கண்ணா."

"பர்கூர்ல எங்க? ஊருக்குள்ளயா, வெளியவா?"

பின்னி கொஞ்சம் தயங்கினாள். "குவாரி ஓரங்கண்ணா. அப்பாம்மா கூலிக்குத்தான். நெலத்துக்கும் போவாங்க, கல்லுக்கும் போவாங்க."

"ஓ" என்றார் பெரியப்பா. டம்ளரைக் கீழே வைத்தார். காலையிலிருந்து வயிறு ஒரு மாதிரி இருக்கிறதாம். பாவம், பஸ்ஸில் வந்ததால் இருக்கும் என்று நான் ஓமம் தேடப் போனேன். டீ ஆறி ஆடை கட்டும்வரை அங்கேயே இருந்தது.

பதினொரு மணிக்குத் தம்பி எழுந்துகொண்டான். பசி. பின்னியைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு தாவினான். பின்னி அவனைத் தூக்கவில்லை. பெரியப்பா இருந்தாரே! ராகிக் கூழைக் கரைத்து ஊட்டினாள். ஃபூ என்று துப்பினான். பெரியப்பா தோளில் போட்டு ஆட்டினார், ஹாரன் அடித்தார், காக்கா காட்டினார். அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னியின் பக்கமே எட்டினான். அழுதழுது குரல் உடைந்து, மூச்சு விக்கி, முகம் நீலமாகிவிட்டது.

"அடப் பாவமே, என்னா இப்பிடிக் கத்தறான்! அவங்கம்மா எப்ப வரும்?"

"ரெண்டரைக்கு மேல ஆவுங்கண்ணா."

பின்னியின் ஜாக்கெட்டில் ஈரம் படர்ந்ததை நான் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற மாதிரி ஒரு பார்வை.

"தல்லி, பெரியப்பாவக் கெணத்தாண்ட இட்டுக்கினு போயி மீனு காட்டு. அதுக்குள்ள நா இவனத் தூங்க வெச்சிடறன்."

தல்லி என்றால் அம்மா என்று அர்த்தம். செல்லமாக என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. பால் கொடுக்கப் போகிறாள், பெரியப்பா கண் படக் கூடாது. இவ்வளவு பெரிய பொறுப்பு என் தலையில் விழுந்ததே இல்லை. பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கிணற்றைப் பார்த்ததும் அவர் சின்னப் பையன் ஆகிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, சரிவில் குந்திக்கொண்டு, "சத்தம் போடாத, சத்தம் போடாத" என்று அவரே சத்தம் போட்டார். சிவப்புக் கொத்து மேலே வந்தது.

"அடேங்கப்பா! நாலு கண்ணு போதாது பாப்பா இதப் பாக்க. விரால் மாதிரி தாயி ஒலகத்துல கெடயாது தெரிமா? குஞ்சு வெளியாவற வரைக்கும் எரையத் தேடிப் போவாது. பட்டினி கெடக்கும்."

"நடுவுல பாருங்க பெரியப்பா, வெள்ளையா."

அவர் கண்ணைச் சுருக்கினார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "கெண்டக் குஞ்சு! அடி ஆத்தே, காக்கா கூட்டுல குயிலு முட்ட வுட்ட கதயால்ல இருக்குது! இந்த விராலுக்குத் தெரியாதுன்னா நெனைக்கற? எல்லாந் தெரியும். இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டு வெச்சிருக்குது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே சமயம் காது முழுக்க வீட்டுப் பக்கமே இருந்தது. தம்பியின் அழுகை நின்றுவிட்டது. குடிக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம் இவரைப் பிடித்து வைக்க வேண்டும்.

ஆனால் நான் சொன்னேனே, அவருக்கும் உட்காரத் தெரியாது. எழுந்துவிட்டார்.

"ஒரு கொடத்துல மொண்டுக்கினு போயி நம்மூர்க் கெணத்துல வுட்டா எப்பிடி இருக்கும்! பிரிக்கவே வேணாம், கலந்து கட்டியே எடுத்துக்கினு போவலாம். இரு, கொடம் எடுத்தாரன்."

"நா எடுத்தாரன் பெரியப்பா!"

"போனு சார்ஜுல கெடக்குது. போட்டாவும் புடிக்கணும்."

"பெரியப்பா, இங்க பாம்பு வரும். நில்லுங்க, காட்டறன்."

"நீ வா, வந்து காட்டு" என்று நடந்துவிட்டார். அவருடைய ஒரு எட்டு எனக்கு மூன்று எட்டு. நான் முன்னால் பாய்ந்து, "பின்னீ! பெரியப்பா வர்றாங்க! பெரியப்பா வர்றாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஓட்டப்பந்தயம் என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

பின்னி சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியை எடுக்கப் பார்த்தாள். இவ்வளவு நேரம் காயப்போட்டதற்கு அவன் விடுவானா? அட்டை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். பின்னி முந்தானையை அவன் மேல் முழுவதுமாகப் போர்த்தினாள். ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது. அந்தக் காலில் வெள்ளித் தண்டை. அது பெரியப்பா செய்து போட்டது.

பெரியப்பா வாசலில் நின்றார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. அவர் பார்வை பாயில் தூங்கிக்கொண்டிருந்த பின்னியின் பெண் மேல் போனது, மறுபடி அந்தத் தண்டைக்கு வந்தது. திரும்பி நடந்தார். குடமும் எடுக்கவில்லை, போனும் எடுக்கவில்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

நான் பக்கத்தில் போய், "கண்ணு போடாதீங்க பெரியப்பா" என்று கேட்டுக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவினார்.

அம்மா வந்து, "சாப்பிடுங்க மாமா" என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், பட்டறைக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே ஊருக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். பின்னி அன்றைக்கு மதிய ஷிப்டுக்குப் போகவில்லை.

லைன் வீடுகளில் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஆஸ்பெஸ்டாஸுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு சாண் சந்து இருக்கும். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் "நூறாயுசு" என்பார்கள். அப்பா வேலை முடிந்து வந்து பேசியதெல்லாம் அந்தச் சந்து வழியாக வரிசை முழுக்கப் போனது.

"ஊர்ல நா தலை நிமுந்து நடக்கறதா வேணாமா? யாரு பாலு, எவங்கூட்டுப் பாலுன்னு ஒரு வெவஸ்தை வேணாம்? அண்ணன் வாயத் தொறந்து ஒரு வார்த்த திட்டல. அதுதான் எனக்குச் செருப்படி."

"உங்கண்ணன் வந்து உக்காந்து பாலு குடுப்பாரா?" என்றாள் அம்மா. அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "அவ குடுக்கலன்னா உங்க புள்ள எப்பவோ காஞ்சிருப்பான். அப்ப எங்க போச்சு உங்க வெவஸ்தை? நானுந்தான் அவ புள்ளைக்குக் குடுத்தன். என்னா பண்ணப் போறீங்க என்னை?"

அடுத்த வீட்டில் பாத்திரச் சத்தம்கூட இல்லை. அங்கே யாரும் இல்லாத மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னி வீட்டு வாசலில் போய் நின்றாள். யார் என்ன சொன்னாலும் சரி என்று கிளம்பிவிட்டாள் போல. பின்னி வெளியே வந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தம்பி அவளைப் பார்த்துத் துள்ளினான்.

"வேணாங்க்கா" என்றாள். "நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எம்பாலுன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அது ஆவாது."

பஸ் ஹாரன் கேட்டது. அம்மா திரும்பி வந்து, அப்பா வாங்கி வைத்திருந்த பால்பவுடர் டப்பாவை உடைத்தாள். எப்படிக் கரைப்பது, பாட்டிலை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் காட்டிவிட்டு, அழுதுகொண்டே ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

அப்படியாக லீவு முடியும்வரை தம்பிக்கு நான்தான் தாய். என்ன பாடு படுத்தினான்! ரப்பர் வாயில் பட்டாலே முதுகை வில்லாக வளைப்பான். நானும் கிலுகிலுப்பையை ஆட்டி, நடந்து, ஆடி, பாடி, கடைசியில் நானும் சேர்ந்து அழுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் பின்னி தன் பெண்ணிடம் பேசுகிற குரல் கேட்டால் போதும், அழுகையை நிறுத்திவிட்டு மேலே அந்தச் சந்தைப் பார்ப்பான். குரல் நின்றதும் மறுபடி ஆரம்பிப்பான்.

பின்னி கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பெண்ணை விட்டுவிட்டுப் போக இடமில்லை. அவளுடைய ஸ்டூலில் வேறு பெண் உட்கார்ந்துவிட்டதாக அம்மா அப்பாவிடம் சொன்னாள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். இனிமேல் பின்னி நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருப்பாள் அல்லவா!

ஒரு மதியம் தம்பி வழக்கத்தைவிட அதிகமாக அழுதான். பாட்டிலை மூன்று முறை தட்டிவிட்டான். பிறகு களைத்துப்போய், கால்வாசி குடித்து, விக்கிக்கொண்டே தூங்கினான். கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வந்தேன். கிணற்றுச் சரிவில் பின்னி முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். தண்ணீருக்கு மேல் குனிந்து, முந்தானைக்குள் கையை வைத்து எதையோ பிழிந்தாள். வெள்ளையாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்து புகை மாதிரி பரவியது. வலி தாங்காதவள் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். குஞ்சுகள் மேலே வந்து கொதித்தன.

எனக்குப் பெண் பிறந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு குழந்தைக்கு ஊறிய மார்பு ஒரே நாளில் நிற்காது. கல்லாகக் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும். குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் போதும், தானாகச் சுரக்கும். அதை மண்ணில் விடவும் கூடாது. எறும்பு மொய்த்தால் குழந்தைக்குப் பால் வற்றிவிடும் என்பார்கள். செடியிலோ தண்ணீரிலோதான் விடுவார்கள்.

அன்றைக்கு நான் நினைத்தது வேறு. பின்னி மீன்களுக்குத் தீனி போடுகிறாள் என்று நினைத்தேன்.

"மீனுக்கு என்னா போடற பின்னி?"

அவள் திடுக்கிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கண் சிவந்திருந்தது.

"சின்னோடு தூங்கிட்டானா தல்லி? ரொம்ப அழுதானே."

தம்பியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், சின்னோடு, சின்னவன் என்று. அவன் அழுதது கேட்டுத்தான் அவளுக்கு முகம் இப்படி வாடிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எதையாவது சொல்லி அவளைத் தேற்ற வேண்டும் போல இருந்தது.

"அது சும்மா பின்னி. பாட்டில் முழுக்கக் குடிச்சிட்டான். டப்பாப் பாலுதான் அவனுக்கு ரொம்பப் புடிக்குது. இப்பல்லாம் அவன் உன்னத் தேடறதே இல்ல."

பின்னி என்னைப் பார்த்தாள். "நல்லது தல்லி" என்றாள். பிறகு கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீனைப் பார்க்கிறாள் என்று நினைத்து, நானும் போடலாமென்று வீட்டுக்குப் பொரி எடுக்க ஓடினேன். பின்னியின் பெரிய கவலை ஒன்றைத் தீர்த்துவைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.